லீக் (leak), ட்ரிப் (drip), ஸீப் (seep), ஊஸ் (ooze): நான்கும் ‘ஒழுகுதல்’தானா?

இல்லை. நீர் எப்படி, எதன் வழியாக வெளியேறுகிறது என்பதை வைத்தே ஆங்கிலம் வினைச்சொல்லை மாற்றுகிறது.

லீக் என்றால் ஒழுகுவது. அடைபட்டிருக்க வேண்டியது ஓட்டை, விரிசல் வழியே வெளியேறுகிறது. குழாயில் பழுது என்ற பொருளும் அதில் அடங்கியிருக்கிறது. ட்ரிப் என்பது சொட்டுவது. மருத்துவமனையில் ‘ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள்’ என்கிறோமே, அதே சொல்தான். ஈரத்துணியும் ட்ரிப் ஆகும்; அதில் பழுது எதுவும் இல்லை.

ஸீப், ஊஸ் இரண்டுமே கசிவுதான். மண்பானையின் நுண்துளைகளில் நீர் கசிவது ஸீப். முருங்கை மரத்துப் பிசின்போலக் கெட்டியானது மெல்லப் பிதுங்கி வருவது பெரும்பாலும் ஊஸ்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது வேறிடத்தில். ‘பாலைக் கொட்டிவிட்டேன்’ என்பதற்கு போர் (pour) என்று எழுதினால், வேண்டுமென்றே ஊற்றியதாக அர்த்தமாகிவிடும். கை தவறிக் கொட்டினால் ஸ்பில் (spill). தமிழில் ‘கொட்டு’ இரண்டுக்கும் பொருந்துவதால் வரும் குழப்பம் இது; இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

ஸ்பில் நீர்மங்களுக்கு மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். உப்பு, சர்க்கரை, அரிசி சிந்தினாலும் அதே சொல்தான்.