‘ஏ’ படம், வாட்ஸ்அப் துணுக்கு: இரண்டும் ஒன்றல்ல

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் ‘நாய் வரண் பாத் லோன்ச்சா, கோன் நாய் கோன்ச்சா’ என்ற மராத்திப் படத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான். அதன் ட்ரெய்லர் துணுக்கு ஒன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. நான் கூட உட்கார்ந்து பார்த்தால் தப்பா?
– வாசகர், செம்பூர்

பதில்: முதலில் படம். (அந்த ‘நாய்’ மராத்தியில் ‘இல்லை’. பருப்பும் சோறும் ஊறுகாயும் இல்லை, யாருக்கும் யாரும் இல்லை என்பது தலைப்பின் பொருள்.) ஜயந்த் பவார் எழுதிய கதையை வைத்து மகேஷ் மஞ்ச்ரேக்கர் இயக்கி, 2022 ஜனவரியில் வந்தது. 1982 ஜவுளித் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பின் மில்கள் மூடிப்போன மும்பையில், வேலையில்லாத வீட்டில் வளரும் பையன்கள் எப்படிக் கத்தி எடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். அது பேச வேண்டிய விஷயமே. ஆனால் தணிக்கையில் ‘ஏ’ சான்றிதழ். தியேட்டரில் உங்கள் மகனை விட மாட்டார்கள், அப்பா கூட இருந்தாலும். அந்தச் சான்றிதழ் பொதுத் திரையிடலுக்கானது. வீட்டுக்குள் முடிவு உங்களுடையது. என்னைக் கேட்டால், 18 ஆகட்டும் என்பேன்.

ட்ரெய்லர் வேறு சமாச்சாரம். யூடியூபில் போடும் ட்ரெய்லருக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. சிக்கலே அங்கேதான் வெடித்தது. சிறுவர்களை வைத்து எடுத்த ஆபாசக் காட்சிகள் என்று தேசிய மகளிர் ஆணையம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு எழுதியது, ட்ரெய்லர் நீக்கப்பட்டது, பிப்ரவரியில் மும்பை போலீஸ் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்), தகவல் தொழில்நுட்பச் சட்டம் இரண்டிலும் வழக்குப் பதிந்தது. வழக்குப் பதிந்தாலே குற்றம் ஆகிவிடாது என்பது சரி. ஆனால் நீங்கள் ஏன் அதில் கால் வைக்க வேண்டும்?

குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் காட்சியை அனுப்புவது மட்டுமல்ல, தேடிப் பார்ப்பதும் இறக்குவதும்கூட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் வரும். முதல் தடவையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘ஃபோனில் வைத்துப் பார்த்தது குற்றமில்லை’ என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது செல்லாது என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கலை, இலக்கியத்துக்கு 67பி-யில் விலக்கு உண்டுதான். படத்திலிருந்து வெட்டியெடுத்த துணுக்குக்கு அது கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள்.

யாருக்கும் அனுப்பாதீர்கள், ‘இதைப் பாரேன்’ என்று மனைவிக்குக்கூட. வாட்ஸ்அப்பில் தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்துங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். குழுவில் எப்போது, எப்படி வந்தது என்ற விவரத்தைக் குறித்துக்கொண்டு, புகார் கொடுத்த கையோடு துணுக்கை அழித்துவிடுங்கள்.