நீலச்சிறகி எப்போது கிளம்பும்?

ஏரிப் பறவைகள்: வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி, கார்த்திகையில் ஏரிக்கு வாத்து இறங்கினால் ஊரே கவனிக்கிறது. மாசி, பங்குனியில் அது போவதை யாரும் கவனிப்பதில்லை. இந்த மாதம் அந்தப் புறப்பாட்டைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

காட்பாடி வாசகர்: வடக்கிலிருந்து வந்த பறவைகள் எந்த மாதம் திரும்புகின்றன? ஏரி வற்றியதும் கிளம்பிவிடும் என்கிறார்களே, சரியா?

பிப்ரவரி கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை புறப்பாடு நடக்கும். முதலில் கிளம்புவது வாத்துகள். ஊசிவால் வாத்தும் ஆண்டி வாத்தும் பெரும்பாலும் மார்ச்சுக்குள் போய்விடும். நீலச்சிறகி வாத்துக்கு அவ்வளவு அவசரம் இல்லை, ஏப்ரலிலும் சில தங்கியிருக்கும். தகைவிலான், மஞ்சள் வாலாட்டி, சூறைக்குருவி ஆகியவை ஏப்ரலில் மெல்ல மெல்லக் குறையும். சேற்றிலும் நீர்விளிம்பிலும் மேயும் உள்ளான்கள்தான் கடைசி. அதற்குக் காரணம் உண்டு. கொசு உள்ளான் முட்டையிடுவது ஆர்க்டிக் வட்டாரத்துத் தூந்திர வெளியில். அங்கே பனி உருகித் தரை தெரிய ஜூன் ஆகிவிடும். முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் தின்னப் பூச்சி கிடைக்காது.

ஏரி வற்றுவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வற்றினால் பறவை பக்கத்து ஏரிக்குப் போகும், சைபீரியாவுக்குப் போகாது. தை மாதமே உங்கள் ஏரியில் வாத்து காணாமல் போனால் ஐந்து, பத்து கிலோமீட்டரில் இருக்கும் அடுத்த ஏரியைப் போய்ப் பாருங்கள். பயணத்தைத் தொடங்கி வைப்பது பறவையின் உடலுக்குள் ஓடும் ஆண்டுக் கடிகாரமும், பகல் நீளுவதும். வேலூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அந்தச் சின்ன மாற்றத்தையும் பறவை உணர்கிறது. உணர்ந்ததும் தீனி கூடும், தோலுக்கடியில் கொழுப்பு சேரும். மார்ச், ஏப்ரலில் உள்ளானைப் பக்கவாட்டில் பாருங்கள். வயிறு உருண்டு, வால் பக்கம் தடித்துத் தெரிந்தால் அது பயணத்துக்குத் தயார். பெரும்பாலும் பொழுது சாய்ந்த பின் கிளம்பும். அதனால்தான் நேற்று நூறு இருந்த இடத்தில் இன்று காலை நான்கு நிற்கிறது.

குடியாத்தம் வாசகி: நான் கடைசியாக நீலச்சிறகி பார்த்தது மார்ச் 18. அதையே புறப்பட்ட தேதி என்று எழுதலாமா?

அதற்குப் பிறகு நீங்கள் எப்போது ஏரிக்குப் போனீர்கள் என்பதைப் பொறுத்தது. அடுத்து ஏப்ரல் 15-ல்தான் போனீர்கள், அன்று ஒன்றும் இல்லை என்றால், அவை அந்த நான்கு வாரத்தில் எந்த நாளிலும் போயிருக்கலாம். மார்ச் 18 என்பது உங்கள் வசதி சொல்லும் தேதி, பறவை சொல்லும் தேதி அல்ல. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பார்த்த நாளை எழுதுவார்கள், போய்ப் பார்த்து ஒன்றும் இல்லாத நாளை விட்டுவிடுவார்கள். அந்த 'இல்லை'தான் இங்கே பெரிய தகவல்.

செய்ய வேண்டியது இதுதான். மாசி பிறந்ததிலிருந்து சித்திரை பாதி வரை வாரம் இரண்டு முறை, அதே ஏரி, அதே இடம், அதே நேரம். ஒவ்வொரு முறையும் குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் அரை மணி. பார்த்த எல்லாப் பறவைகளையும் எழுதுங்கள், காகத்தையும் விடாதீர்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்திருந்தால் எவ்வளவு தூரம், ஏரியில் தண்ணீர் அரைக்கு மேலா கீழா, மதகு திறந்திருக்கிறதா என்பதும் இருக்கட்டும். நோட்டில் எழுதினாலும் சரி, பறவைப் பட்டியல்களைப் பதியும் இ-பேர்ட் செயலியில் போட்டாலும் சரி. செயலியில் 'கண்ட எல்லா இனத்தையும் பதிந்தீர்களா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லும்படி பட்டியல் இருந்தால்தான், பட்டியலில் இல்லாத நீலச்சிறகி உண்மையிலேயே கண்ணில் படவில்லை என்று பிறர் புரிந்துகொள்ள முடியும். எண்ணிக்கை எழுதும் இடத்தில், 'இருந்தது, எண்ணவில்லை' என்று பொருள்படும் X குறியைப் போட்டு நழுவாதீர்கள். தோராயமாக 60 என்று எழுதுவது அதைவிட நூறு மடங்கு மேல். இரண்டு ஏரிகளை ஒரே பட்டியலில் சேர்க்கவும் கூடாது.

ராணிப்பேட்டை வாசகர்: பறக்கும் கூட்டத்தை எப்படி எண்ணுவது? நான் 200 என்றால் நண்பர் 500 என்கிறார்.

அநேகமாக நண்பர் பக்கம்தான் உண்மை இருக்கும். பெரிய கூட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவதுதான் எல்லோருக்கும் வரும் பிழை. கூட்டத்தின் ஒரு ஓரத்தில் பத்துப் பறவைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பத்து எவ்வளவு அகலத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதிய வையுங்கள். அதே அளவை வைத்துக் கூட்டம் முழுக்க அளந்துகொண்டே போங்கள். ஐந்நூறுக்கு மேல் இருக்கும்போல் பட்டால் அளவை ஐம்பதாக்குங்கள். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் தளர்வாகவும் இருக்கும் என்பதால் ஓர அளவை நடுவுக்கு அப்படியே போடாதீர்கள், நடுவில் ஒரு முறை புதிதாகப் பத்து எண்ணுங்கள். மூன்று முறை எண்ணி நடு எண்ணை எழுதுங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்து வீட்டில் புள்ளி வைத்து எண்ணிப் பார்த்தால் உங்கள் கண் எவ்வளவு ஏமாற்றுகிறது என்று நாலே வாரத்தில் பிடிபட்டுவிடும்.

ஆற்காடு வாசகர்: 20×50 பைனாகுலர் வாங்கினேன். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஆடுகிறது, கலங்கலாகவும் தெரிகிறது. கோளாறு கருவியிலா?

கருவியில் இல்லை, தேர்வில். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 20 மடங்கு என்றால் உங்கள் கை நடுக்கமும் 20 மடங்கு. 50-ஐ 20-ஆல் வகுத்தால் 2.5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை அவ்வளவு சன்னம், விடியலில் மங்கலாகத்தான் தெரியும். 8×42-ல் அதே கணக்கு 5.25 வருகிறது. கையில் பிடித்துப் பார்க்க 8×42 போதும், 10×42 உச்சம். வாங்கியதை வீசிவிட வேண்டாம். முக்காலியில் பொருத்தினால் தூரத்து வாத்துக்கு உதவும்.

கலங்கலுக்கு இன்னொரு காரணம் கானல். மார்ச்சில் ஒன்பது மணி தாண்டினால் தண்ணீர் மேல் காற்று நெளிய ஆரம்பிக்கும். எந்த விலைக் கண்ணாடியும் அதைத் தாண்டாது. ஆறிலிருந்து எட்டரைக்குள் வேலையை முடியுங்கள். நம் பக்கத்தில் நிலம் கிழக்கே சரிவதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்கிலும் நீர்ப்பரப்பு மேற்கிலும் அமைந்திருக்கும். காலையில் கரை மேல் நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் அப்படியே தெரியும். மாலையில் அதே கரையில் நின்றால் எல்லாம் கரி நிழல்தான். மாலைக்கு மேற்குப் பக்கம் சுற்றிப் போக வேண்டும்.

பைனாகுலரைச் சரிசெய்யாமல் பார்ப்பவர்களும் நிறையப் பேர். வலது கண்ணை மூடி, தூரத்தில் ஒரு பலகையையோ பனை மட்டையையோ நடுச் சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண் வில்லையிலுள்ள வளையத்தை மட்டும் திருப்பிக் கூர்மையாக்குங்கள். அதோடு அந்த வளையத்தைத் தொட வேண்டாம். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கண்கிண்ணத்தை உள்ளே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

வாலாஜா வாசகி: எல்லா வாத்தும் பழுப்பாகவே தெரிகின்றன. எதை வைத்துப் பிரிப்பது?

நல்ல காலத்தில் கேட்டீர்கள். அக்டோபரில் வரும்போது ஆண்களும் பெண்ணைப் போல மங்கலாக இருக்கும். மாசிக்குள் முழு நிறம் வந்துவிடும். நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணுக்கு மேலே தடித்த வெள்ளைப் புருவம் பிடரி வரை வளைந்து இறங்கும், அரைக் கிலோமீட்டரிலிருந்தும் தெரியும். பறக்கும்போது இறக்கையின் முன்பாதி சாம்பல் நீலம், பெயரே அதனால்தான். ஊசிவால் ஆணுக்குத் தலை சாக்லேட் நிறம், நீண்ட வெள்ளைக் கழுத்து, அந்த வெள்ளை பிடரியோரம் ஒரு கோடாக மேலே ஏறும். ஆண்டி வாத்துக்கு அலகு கரண்டி, நெஞ்சு வெள்ளை, விலா செங்கல் நிறம். தலையைத் தண்ணீரில் அழுத்தியபடியே சுற்றிச் சுற்றி நீந்துவதும் அதன் அடையாளம்.

பெண்களுக்கு நிறத்தை விட்டு உருவத்தைப் பாருங்கள். கரண்டி அலகு தெரிந்தால் ஆண்டி. மெலிந்த கழுத்து, சாம்பல் அலகு, கூரிய வால் என்றால் ஊசிவால். சின்ன உடம்பு, முகத்தில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள், அலகடியில் வெளிர் புள்ளி என்றால் நீலச்சிறகி. கறுப்பு அலகின் நுனி மஞ்சளாக இருந்தால் அது புள்ளிமூக்கு வாத்து. அது நம்மூர்க்காரர், எங்கும் போகாது. வெள்ளை வெளேரென்று கைக்கடக்கமாக இருக்கும் குள்ளத்தாராவும் அப்படியே.

நெமிலி வாசகர்: மகேந்திரவாடி ஏரிச் சேற்றில் சின்னச் சின்ன உள்ளான்கள். மூன்று வகை இருப்பதாகச் சொல்கிறார்கள், எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டிலேயே பெயர் பெற்ற ஏரி உங்களுடையது, பறவைக்கும் குறைவிருக்காது. எங்கே நிற்கிறது என்பதே பாதி விடை. கரைக் கல்லில் தனியாக நின்று பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தால் சாதா உள்ளான். தோளருகே வெள்ளை உள்ளே வளைந்து ஏறியிருக்கும், தண்ணீரை ஒட்டி விறைத்த இறக்கையோடு பறக்கும். கால்வாயிலோ மதகடிக் குட்டையிலோ தனியாக நின்று, கிட்டப் போனதும் கூவிக்கொண்டு உயர எழும்பினால் பச்சை உள்ளான். இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பு, இடுப்பு பளிச்சென்று வெள்ளை. ஈரக் கழனியிலும் சேற்றிலும் ஐந்தாறாக மேய்ந்து, முதுகு நிறையப் பொரிப்பொரியாகப் புள்ளி, மஞ்சள் சாய்ந்த கால், இறக்கையடி வெளிர் என்றால் பொரி உள்ளான். இவற்றோடு ஓடித் திரியும் சிட்டுக்குருவி அளவுப் பறவைக்குக் கால் கறுப்பானால் கொசு உள்ளான்.

நவரைப் பருவ நெல்லுக்கு மதகு வழியே தண்ணீர் போகப் போகச் சேறு அகலும். உள்ளான்கள் நிற்பது நீர்விளிம்பில் விரற்கடை ஆழத்தில்தான். எனவே சென்ற வாரம் பார்த்த இடத்தில் தேடாமல் விளிம்பு எங்கே நகர்ந்திருக்கிறதோ அங்கே தேடுங்கள்.

சோளிங்கர் வாசகர்: கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகின்றனவாமே?

இல்லை. இரண்டும் இந்த நாட்டிலேயே கூடு கட்டுபவை. தண்ணீரையும் மீனையும் தேடி ஏரிக்கு ஏரி அலையும், அவ்வளவுதான்.

ஆம்பூர் வாசகி: வரித்தலை வாத்து நம் பக்கம் தெரியுமா?

திபெத், மங்கோலியா பக்கம் முட்டையிட்டு, குளிர்காலத்தில் தெற்கே திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வருகிறது. திரும்பும்போது இமயத்தைக் கடக்கிறது. கருவி பொருத்திப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கு மேல் பறந்தவையும் உண்டு. மார்ச்சில் அந்தி சாயும் நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டே வானத்தையும் பாருங்கள். வெள்ளைத் தலையின் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டை, அம்பு முனை போல வரிசை.

கலவை வாசகர்: கழனியில் செத்துக் கிடந்த உள்ளான் காலில் எண் பொறித்த வளையம். என்ன செய்வது?

வளையத்திலுள்ள எழுத்து, எண் அனைத்தையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுங்கள். ஓர் எண் விட்டாலும் பயனில்லை. தேதி, ஊர், ஏரியின் பெயர், எப்படிக் கிடைத்தது என்று சேர்த்து, வளையத்தில் பெயர் உள்ள நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இந்தியாவில் போட்ட வளையமாக இருந்தால் பெரும்பாலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயர் இருக்கும். உயிரோடு இருக்கும் பறவையிலிருந்து வளையத்தைக் கழற்றவே கூடாது. செத்ததை வெறுங்கையால் தொட வேண்டாம். ஒரே இடத்தில் பல செத்துக் கிடந்தால் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் அன்றே சொல்லுங்கள். விஷம் வைத்துப் பிடித்ததாகவும் இருக்கலாம், அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

திருவலம் வாசகர்: ஏப்ரல் கடைசியிலும் ஓர் ஊசிவால் வாத்து தனியாக நிற்கிறது. பிடித்துச் சிகிச்சை கொடுக்கலாமா?

துரத்தாதீர்கள். அடிபட்டதோ கொழுப்புச் சேராததோ சில பின்தங்கும், சில கோடை முழுக்க இங்கேயே கழிப்பதும் உண்டு. இறக்கை தொங்குகிறதா, மேய்கிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள். மேய்ந்தால் விட்டுவிடுங்கள், தொங்கினால் வனத்துறையைக் கூப்பிடுங்கள். அது நிற்கும் வரை ஒவ்வொரு முறையும் நோட்டில் '1' என்று எழுதுங்கள்.