கம்பெனி நடத்தாத பேராசிரியர் ஒரு தலைவருக்கு என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?

கேள்வி இதுதான்: "ஒரு கம்பெனியைக் கூட நடத்தியிராத பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர்கள், பெரிய நிறுவனத் தலைவர்களுக்கு லீடர்ஷிப் கோச் ஆகிறார்களே, அவர்களால் அப்படி என்ன சொல்லிக் கொடுத்துவிட முடியும்?"

எனக்கும் இந்தச் சந்தேகம் பல வருஷம் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தவர் ராம் சரண். நடிகர் இல்லை. 1939இல் உத்தரப்பிரதேசத்தில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்து, பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக் மாதிரி நிறுவனங்களின் தலைவர்களுக்கு ஆலோசகரானவர்.

டெல்லிக்குப் பக்கத்தில் ஹாப்பூர் என்ற ஊர். அங்கே அவர் குடும்பத்துக்கு ஒரு செருப்புக் கடை. சின்னப் பையனாக அந்தக் கடையில் நின்றவர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்தார், ஆஸ்திரேலியாவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார், ஹார்வர்டில் எம்.பி.ஏ.வும் டாக்டர் பட்டமும் வாங்கினார். ஹார்வர்ட், நார்த்வெஸ்டர்ன், பாஸ்டன் பல்கலைக்கழகம் என்று பாடம் நடத்திவிட்டு, 1978இல் முழுநேர ஆலோசகராக வெளியே வந்துவிட்டார்.

அவர் சொல்லிக் கொடுத்த விஷயம் கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். தெருவில் பழம் விற்கிறவரும் பல நாடுகளில் ஆலை வைத்திருக்கும் கம்பெனியின் தலைவரும் ஒரே கணக்கைத்தான் போட வேண்டும் என்பார். கையில் ரொக்கம் வருகிறதா? விற்றதில் எவ்வளவு நிற்கிறது? சரக்கு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது? வியாபாரம் வளர்கிறதா? வாங்குகிறவர் திரும்ப வருகிறாரா? 2001இல் அவர் எழுதிய ஒரு சின்னப் புத்தகம் முழுக்க இதுதான்.

அதைப் படித்தபோது எனக்கு என் அப்பாவின் ஜவுளிக் கடை ஞாபகம் வந்தது. ராத்திரி கடை அடைக்கும் முன் கல்லாவை எண்ணிச் சிட்டையில் எழுதிவிட்டு, அப்பா நேராக வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். அலமாரி அலமாரியாகப் போய், அடுக்கி வைத்த புடவைகளின் மடிப்பு ஓரத்தில் ஆள்காட்டி விரலால் ஒரு இழுப்பு இழுப்பார். விரலில் தூசி ஒட்டினால் அந்தக் கட்டை அப்படியே வெளியே எடுத்து, மறுநாள் முன்வரிசையில் வைக்கச் சொல்வார். "இது புடவை இல்லப்பா, தூங்குற பணம்" என்பார். அசல் விலைக்கே கொடுத்தாலும் பரவாயில்லை, அந்தப் பணம் எழுந்து நடக்க வேண்டும் அவருக்கு.

கணக்கு எளிது. ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு எடுத்து, நூற்றுக்கு இருபது லாபம் வைத்து, வருஷத்துக்கு இரண்டு தடவை விற்றுத் தீர்த்தால் நாற்பதாயிரம். அதே ஒரு லட்சத்தில் நூற்றுக்கு எட்டே ரூபாய் வைத்து, பத்துத் தடவை சுழற்றினால் எண்பதாயிரம். பேலன்ஸ் ஷீட்டை நன்றாகவே படிக்கத் தெரிந்த மேனேஜர்கள், லாப சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்தச் சுழற்சியைக் கோட்டை விடுவதை நானே பார்த்திருக்கிறேன். ராம் சரண் பெரிய கம்பெனி எதற்கும் தலைவராக இருந்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். அதற்கு மேல் ஒரு கோச்சுக்கு இருக்கும் பெரிய வசதி, அவர் ஒரே கம்பெனிக்குள் அடைபட்டுக் கிடப்பதில்லை. இந்த அறையில் கேட்ட சிக்கலை வேறு பத்து அறைகளில் ஏற்கெனவே கேட்டிருப்பார். எங்கே கைவைத்தால் வலிக்கும் என்பது தெரிந்திருக்கும்.

இனி லீடர்ஷிப் விஷயம். எனக்குச் சொந்தமாகச் சுட்டது இங்கேதான். அதே 2001இல் இன்னும் இருவரோடு சேர்ந்து அவர் எழுதியது: தனியாளாக வேலை பார்ப்பதில் தொடங்கி கம்பெனித் தலைவர் வரை ஆறு திருப்பங்கள் உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் புதிதாகக் கற்றால் மட்டும் போதாது, பழைய வேலையைக் கைவிடவும் வேண்டும்.

நான் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சி.என்.சி., அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் மெஷினில், ஆபரேட்டராகச் சேர்ந்து, ஏழாவது வருஷம் சூப்பர்வைசர் ஆனேன். அளவு கொஞ்சம் தள்ளிப் போனாலும் பையனை நகரச் சொல்லிவிட்டு, நானே போய் ஆஃப்செட்டை, அதாவது வெட்டும் கருவியின் நிலையைச் சரிசெய்யும் எண்ணை, திருத்துவேன். சரியாகிவிடும், எனக்கும் பெருமையாக இருக்கும். ஒரு நாள் காய்ச்சலில் லீவு போட்டேன். மறுநாள் போனால் மூன்று மெஷின் நிற்கிறது. "நீங்க வந்து பார்ப்பீங்கன்னு வச்சிருக்கோம் சார்" என்றான் ஒரு பையன். நல்ல பையன், கெட்டிக்காரன். ஒன்றரை வருஷமாக அவன் கற்றுக்கொள்ள நான் இடமே கொடுக்கவில்லை. பதவி மாறியிருந்தது, என் கை மாறவில்லை. அந்த ஆறில் முதல் திருப்பம், தன் வேலையை மட்டும் பார்த்தவர் மற்றவர்களை வேலை வாங்குகிறவராக மாறுவது. அதைப் படித்தபோது என்னையே எழுதியது போல இருந்தது. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன். நிஜமாகவே கட்டிக்கொள்வேன். இல்லாவிட்டால் கை தானாக மெஷின் பேனலுக்குப் போய்விடும்.

அவரிடம் எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அறுபத்தேழு வயது வரை அவருக்குச் சொந்த வீடே கிடையாது. ஹோட்டல், விமானம், அடுத்த ஊர் என்றே வாழ்ந்தார். டல்லாஸில் இருந்த அவருடைய அலுவலகம் சலவைத் துணியை அவர் தங்கும் ஊருக்கு அனுப்பி வைக்கும். உழைப்புக்கு உதாரணமாக இதைச் சொல்கிறார்கள். எனக்கு மனசு கனத்துப் போகிறது. இப்படி வாழ்ந்தால்தான் கோச் ஆக முடியும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, பயிற்சி பெற்ற கம்பெனி பெரிது என்பதற்காகக் கோச்சை எடை போடாதீர்கள். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் குரோட்டன்வில் பயிற்சி மையத்தில் அவர் பல காலம் வகுப்பெடுத்தார். அந்த நிறுவனமே 2024க்குள் மூன்றாகப் பிரிந்துவிட்டது. நாளைக்கு ஒரு கோச்சைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், அவர் பேர் சொல்லும் கம்பெனிகளை விட்டுவிட்டு, முதல் ஒரு மணி நேரம் உங்கள் தொழிலைப் பற்றி என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் சரக்கைப் பற்றி, உங்களுக்கு வரவேண்டிய பாக்கியைப் பற்றி, நீங்கள் விட மறுக்கும் வேலையைப் பற்றிக் கேட்டால் அவரை நம்பலாம்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இந்தச் செருப்புக் கடைப் பையன் கதையைச் சொன்னேன். ஹார்வர்ட், அமெரிக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அது சரி, அந்தக் கடையில போகாத நம்பர் செருப்பையெல்லாம் என்னப்பா பண்ணுனாங்க?"