ஓசூரிலிருந்து ஜெர்மனிக்கு: பண்பாட்டு அதிர்ச்சி எங்கே இடிக்கும்?

கேள்வி: சொந்த ஊர் பாலக்கோடு, வேலை ஓசூரில். செப்டம்பர் கடைசியில் ஜெர்மனி போகிறேன். பண்பாட்டு அதிர்ச்சி என்கிறார்களே, எப்படித் தயாராவது?

முதல் மாதம் ஒன்றும் தெரியாது. எல்லாமே புதுசு, எல்லாமே அழகு. மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1950களிலேயே இதைக் கட்டம் கட்டமாகச் சொல்லிவிட்டார்: முதலில் தேனிலவு, அடுத்து எரிச்சல், பிறகு மெல்ல மெல்லப் பழக்கம். செப்டம்பர் கடைசியில் இறங்கினால் அந்த எரிச்சல் நவம்பர், டிசம்பரில் வந்து விழும். அப்போது அங்கே பகல் சுமார் 8 மணி நேரம்தான், நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டு தருகிற சோர்வை ஊர்மேல் கோபமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் இடி பெயரில். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் முனுசாமி என்று இருந்தால், அங்கே நீங்கள்தான் 'ஹெர் முனுசாமி', அதாவது திரு. முனுசாமி. டாக்டர் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். யாரையோ என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால் பெட்டியில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை ஒட்டாவிட்டால் வங்கி அட்டை, வரி எண் கடிதம் எல்லாம் திரும்பிப் போகும். குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் அதற்குக் கட்டாயம்.

அடுத்தது சமையலறை. உருண்டை அடிப் பானை அங்குள்ள கண்ணாடி அடுப்பில் நிற்காது. இண்டக்ஷன் என்றால் வெறும் அலுமினியம் சூடேறவும் ஏறாது. காந்தம் ஒட்டும் தட்டை அடிப் பாத்திரம் வாங்குங்கள். களி கிண்டும்போது கீழே இறக்கிவைத்துக் கிண்டுங்கள், அடுப்பின் மேலேயே துடுப்பை அழுத்தினால் கண்ணாடி கீறும், விரிசல்கூட விடலாம். களி ஆவியும் உள்ளே காயப்போட்ட துணியின் ஈரமும் குளிர்ந்த சுவரில் படிந்து கரும்பூஞ்சையாகும். காலி செய்யும்போது அந்தச் செலவை அட்வான்ஸில் பிடிப்பார்கள். குளிர்காலத்திலும் நாளுக்கு 2, 3 தடவை எல்லா ஜன்னலையும் 5 முதல் 10 நிமிடம் முழுசாகத் திறந்து மூடுங்கள். நாள் முழுக்க லேசாகத் திறந்து வைத்தால் சுவர்தான் குளிரும், பூஞ்சை கூடும். தாளிக்கும்போது வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்திவிடுங்கள், புகை அலாரம் அலறும்.

நெய், பால்கோவாவைப் பெட்டியில் வைக்காதீர்கள்; பால் பொருளுக்கு அனுமதியில்லை. கிருஷ்ணகிரி மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்று வேண்டும்.

மனிதர்களிடம்? டீ வேண்டுமா என்று ஒரு தடவைதான் கேட்பார்கள். நம்ம ஊர் மாதிரி மரியாதைக்கு 'வேண்டாங்க' என்றால் அதோடு சரி. மீட்டிங்கில் 'இது தப்பு' என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அது வேலையைப் பற்றியது, உங்களைப் பற்றியதல்ல. 'பார்க்கலாம்' என்று நீங்கள் இழுத்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். முடியாததை முடியாது என்றே சொல்லுங்கள். பிறந்தநாள் வாழ்த்தை முந்தைய நாளே சொல்லக் கூடாது, அங்கே அது அபசகுனம்.

ஞாயிறு கடை அடைப்பு. அரிசி, பால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறன்று சுவரில் துளை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அதன்பின் அங்கே மாலை 6 என்றால் பாலக்கோட்டில் இரவு 10.30, வீடு தூங்கியிருக்கும். மதியம் 12.30 இடைவேளையில் வெளியே நடந்துகொண்டே கூப்பிடுங்கள். இங்கே மாலை 5 மணி, உங்களுக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்.