அந்த விசில் அரிசி டின்னுக்குள்ள ஏன் போச்சு?

கேள்வி: ஐயா, இபிஎஃப் சேமநிதி இருக்கு, சொக்சோ காப்புறுதி இருக்கு, பாதி எஸ்டேட் வீடு கட்டி தாமான் ஆயிடுச்சு. தொண்டர் படை, ஸ்ட்ரைக்குன்னு அந்தக் காலத்துக் கதைய இன்னும் ஏன் கிளறிக்கிட்டு இருக்கீங்க?
– வாசகர், பீடோங், கெடா, மலேசியா

பதில்: பீடோங்லேர்ந்து இந்தக் கேள்வி வந்ததுதாங்க எனக்கு வருத்தம். 1946, 47ல உங்க பக்கத்து ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்துலதான் ஏ.எம். சாமி தலைமையில தொண்டர் படைன்னு தோட்டத் தொழிலாளிங்க படை எழும்புச்சு, காலையில பால்வெட்டிட்டு வந்த எளவட்டப் பசங்க சாயந்தரம் ட்ரில் எடுத்தாங்க, கள்ளுக்கடை வாசல்ல மறியல் பண்ணாங்க, அதுக்கு போலீஸ்கிட்ட அடி வாங்குனாங்க.

அதுக்கும் முன்னால, 1941ல சிலாங்கூர் கிள்ளான் பக்கத்துத் தோட்டத் தொழிலாளிங்க பண்ண ஸ்ட்ரைக்ல என்ன கேட்டாங்க தெரியுமா? சீனத் தொழிலாளிக்குக் குடுக்கற கூலிய எங்களுக்கும் குடு, கள்ளுக்கடைய மூடு, எங்க பொம்பளைங்க மேல கை வைக்காத, சங்கம் வைக்க விடு, அப்புறம் வெள்ளக்காரத் துரை எதிர்ல வந்தாலும் சைக்கிள விட்டு எறங்க மாட்டோம். சைக்கிள்ல உக்காந்தபடியே போறதுக்குக்கூட போராட வேண்டியிருந்துச்சுங்க! முன்ன நின்னு நடத்துன ஆர்.எச். நாதன நாடு கடத்துனாங்க, பட்டாளத்த எறக்கி சுட்டாங்க.

1948ல பிரிட்டிஷ் அரசாங்கம் தொழிற்சங்கச் சட்டத்தையே மாத்துச்சு. அந்தத் தொழில்ல மூணு வருசம் வேலை செஞ்சிருந்தாத்தான் சங்கத்துல பொறுப்பு, வேற வேற தொழில் சங்கமெல்லாம் ஒண்ணா சேரக்கூடாது. அந்த ஜூன்லயே எமெர்ஜென்சி, அதாவது விசாரணையில்லாம ஆளப் புடிச்சு உள்ள போடற அவசரகாலச் சட்டம். 1949 மே 4, மலாயா தொழிற்சங்க சம்மேளனத் தலைவரா இருந்த எஸ்.ஏ. கணபதிய கோலாலம்பூர் புடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க.

எங்க லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, ஒரு பாட்டி இருந்தாங்க. வெத்தலப் பெட்டிக்குள்ள துணி சுத்தி ஒரு பித்தள விசில் வச்சிருப்பாங்க, அண்ணனோடதாம், ட்ரில்லுக்கு ஊதுனது. எமெர்ஜென்சி வந்த ராத்திரி அவங்கம்மா அண்ணனோட காக்கி கால்சட்டைய அடுப்புல போட்டுட்டு விசில மட்டும் அரிசி டின்னுக்குள்ள பொதைச்சிருக்காங்க, அதுக்கப்புறம் வீட்ல அந்தப் பேச்சையே எடுக்கல, புள்ளைங்களுக்கும் சொல்லல. அவங்க மறக்கலீங்க, பயந்துட்டாங்க. நம்ம ஆளுங்க வீட்ல ஒரு போட்டோகூட இல்லாததுக்கு இதுதான் காரணம். கெடைக்கிறதெல்லாம் அந்தக் காலத்து அதிகாரிங்க எழுதி வச்ச ரிப்போர்ட்டு, அதுல நம்ம பசங்களுக்குப் பேரு கலகக்காரன். அத மட்டும் நம்பி நம்ம புள்ளைங்க படிக்கணுமா?

அப்ப பத்து வயசுப் புள்ளையா இருந்தவங்க இப்ப தொண்ணூற நெருங்கிட்டாங்க. இந்த ஞாயித்துக்கிழம ஃபோன எடுத்துக்கிட்டு போய் உக்காருங்க. போராட்டத்தப் பத்தி சொல்லுங்கன்னு எடுத்த எடுப்புல கேட்டா வாயத் தொறக்க மாட்டாங்க, காலையில பேர் கூப்புடற பெரட்டுக்களம் எங்க இருந்துச்சு, கங்காணி யாரு, எந்த லயத்துல எத்தன வீடு, எமெர்ஜென்சி வந்த ராத்திரி யார் யார் வீட்டுக்கு வரல, இப்படி கேளுங்க. பழைய சம்பளத் துண்டு, சங்கத்து ரசீது, எது இருந்தாலும் நம்ம ஆபிசுக்கு கொண்டாங்க, காப்பி எடுத்துட்டு அப்பவே உங்க கையில குடுத்துடறோம்.