ஏர் ஃபில்டரை ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றணுமா?

சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் ஏர் ஃபில்டரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகும் என்கிறார்கள், நம் சிங்கப்பூர்ச் சாலைக்கு இது தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒவ்வொரு முறையும் மாற்றத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் திறந்து பார்க்க வேண்டும், அதையும் நீங்களே பார்ப்பது நல்லது.

முதலில் பெட்ரோல் கணக்கு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் அடைபட்ட ஃபில்டரோடு கார்களை ஓட்டிச் சோதித்தது. இன்றைய ஃபியூல் இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் செலவு கூடவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. உள்ளே வரும் காற்றின் அளவுக்கேற்பத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடுகிறது. பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு.

அப்படியானால் எதற்கு மாற்ற வேண்டும்? எஞ்சினைக் காப்பாற்றத்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவு காற்றிலும் உள்ள தூசியைத் தடுக்க அந்த மடிப்புக் காகிதம் ஒன்றுதான் இருக்கிறது. மண்துகள் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேயும். சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் முடியும்வரை, அல்லது அதைப் புதுப்பித்து இன்னும் பத்தாண்டு ஓட்ட நினைப்பவர்களுக்கு இது சின்ன விஷயமே அல்ல.

பார்ப்பது எளிது. எஞ்சின் ஆறியபிறகு பானெட்டைத் திறங்கள். தடித்த குழாய் செருகிய கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி தெரியும். பெரும்பாலான கார்களில் இரண்டு மூன்று கிளிப்தான், சிலவற்றில் ஸ்குரூ இருக்கும். குழாயில் சென்சார் ஒயர் இருந்தால் அதை இழுக்காமல் மூடியைத் தூக்குங்கள். ஃபில்டரை எடுத்துப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்புகளின் ஊடே வெளிச்சம் பரவலாகத் தெரிந்தால் இன்னும் ஓடும். மேலோட்டமான சாம்பல் நிறத்துக்காக மாற்ற வேண்டாம். லேசாகத் தூசி படிந்த காகிதம் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். அடர்ந்து கறுத்திருந்தாலோ, நனைந்திருந்தாலோ, எண்ணெய்க் கறை இருந்தாலோ, கிழிந்திருந்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள். வெள்ளம் தேங்கிய சாலையில் ஓட்டினீர்கள் என்றால் அன்றே பார்த்துவிடுங்கள்.

காற்றழுத்தத்தால் ஊதிச் சுத்தம் செய்து தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால் தூசி நேரே உள்ளே போகும்.

மாற்றும்போது பெட்டியின் அடியில் கிடக்கும் இலைச் சருகையும் மண்ணையும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் திறந்தவெளி கார்பார்க்கில் நிறுத்துபவர்களுக்குச் சருகு நிறையவே சேரும். புதிய ஃபில்டரின் ரப்பர் விளிம்பு நாலு பக்கமும் சரியாக உட்கார வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். விளிம்பில் இடைவெளி இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபில்டரும் வீண். கிளிப்பையெல்லாம் மாட்டியபின் மூடியை ஆட்டிப் பாருங்கள்.

எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு உங்கள் கார் கையேடுதான் கணக்கு. பல ஜப்பானியக் கார்களுக்கு 40,000 கிலோமீட்டர் அளவில் போட்டிருக்கும், தூசி நிறைந்த இடமென்றால் முன்னதாகவே என்றும் இருக்கும். துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் லாரிகளுக்குப் பின்னால் தினமும் போகிறவரும், கட்டுமானம் நடக்கும் பேட்டையில் குடியிருப்பவரும் அந்த இரண்டாவது வகை. அடிக்கடி மலேசியாவின் ஜோகூரைத் தாண்டி எஸ்டேட் மண்சாலைகளில் போகிறவர்களும் அப்படித்தான்.

இன்னொன்று: பில்லில் ‘ஏர் ஃபில்டர்’ என்று மட்டும் இருந்தால் எது என்று கேளுங்கள். ஏர்கானுக்கான கேபின் ஃபில்டர் வேறு, பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். புகைமூட்டம் வரும் மாதங்களில் நீங்கள் மூச்சுவிடும் காற்றுக்கு அதுதான் பொறுப்பு. எதை மாற்றினாலும் பழையதைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார்.