ஆடியோ இண்டர்ஃபேஸில் ஆப்-ஆம்ப், கப்பாசிட்டர் மாற்றினால் ஒலித்தரம் உயருமா, அல்லது புதியதே வாங்கிவிடலாமா?

யுஎஸ்பியிலேயே மின்சாரம் எடுத்து, மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் இரண்டு மைக் இண்டர்ஃபேஸ் ஒன்று உங்களிடம் இருக்கும். பதிவில் இரைச்சல் வருகிறது என்று எங்கோ சொல்லியிருப்பீர்கள். "சிப்பை மாற்றினால் ஸ்டுடியோ சவுண்ட் வந்துவிடும்" என்று ஒருவர் ஆசை காட்டியிருப்பார். என் ஊகம் சரியென்றால், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மைக்குக்குப் பதிலாக 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை உள்ளீட்டில் இணைத்தால், அறை வெப்பநிலையில் அந்த ரெசிஸ்டர் மட்டுமே ஏறத்தாழ −131 டிபியூ (சிக்னலின் அளவைச் சொல்லும் டெசிபெல் அலகு, எண் கீழே போகப் போக இரைச்சல் குறைவு) அளவுக்கு இரைச்சல் எழுப்பும். இது இயற்பியல் விதித்த எல்லை, எந்தப் பொறியாளராலும் இதற்குக் கீழே போக முடியாது. இன்று ஆரம்பநிலைக்கென்று விற்கப்படும் இண்டர்ஃபேஸ்களில் பலவும் −127, −128 என்ற அளவை எட்டிவிட்டன. ஆகவே எவ்வளவு விலை உயர்ந்த ஆப்-ஆம்பை, அதாவது சிக்னலைப் பெருக்கும் சிப்பைக் கொண்டுவந்து பொருத்தினாலும் மிச்சமிருக்கும் சில டெசிபெல்லுக்குள்தான் நீங்கள் விளையாட முடியும். உங்கள் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி அதை ஒரு நொடியில் விழுங்கிவிடும்.

எங்கள் தெருவில் பாட்டு வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர் தம்முடைய இண்டர்ஃபேஸை என்னிடம் கொண்டுவந்தபோது, அது ஏற்கெனவே ஒரு பழுதுபார்க்கும் கடையில் 'அப்கிரேட்' ஆகியிருந்தது. "நாலாயிரம் கொடுத்தாச்சு தம்பி, ஆனா அந்த 'ம்ம்ம்' மட்டும் போகவே இல்லை" என்றார். என் மேசையில் வைத்துப் பதிவு செய்தால் ரீங்காரமே இல்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்து ஸ்பெக்ட்ரத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வரைபடம்) திறந்தால், வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50-லும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸிலும் வேலிக்கம்பம் நட்டது போல வரிசையாக முனைகள் எழுந்து நின்றன. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் அத்தனையும் அடங்கின. மறுபடி சொருகிவிட்டு இண்டர்ஃபேஸின் உலோக உறையை விரல் நுனியால் தடவினால் மெல்லிய சுரசுரப்பு தெரிந்தது. சாக்கெட்டில் ஃபேஸ் துளைக்கும் எர்த் துளைக்கும் நடுவே மல்டிமீட்டர் 230 வோல்ட்டை ஒட்டிக் காட்டியிருக்க வேண்டும். அங்கே எண் நிலைகொள்ளாமல் அலைந்தது. சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே கிடையாது! எர்த் இல்லாத சார்ஜரின் வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் வழியே கசியும் சிறு மின்னோட்டம் யுஎஸ்பி கேபிள் வழியாக இண்டர்ஃபேஸுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் போர்டிலிருந்து எர்த் கம்பி இழுத்த அன்றே பிரச்சினை தீர்ந்தது.

வாடகை வீடுகளில் மூன்று துளை சாக்கெட்டைப் பொருத்திவிட்டு எர்த்தை இணைக்காமல் போகும் வழக்கத்தைப் பற்றி எனக்குத் தனியாகவே ஆத்திரம் உண்டு. அது ஒலியைப் பற்றியது மட்டுமல்ல, உயிரைப் பற்றியதும்கூட. எர்த் பின்னை வெட்டினால் ரீங்காரம் போகும் என்று சொல்பவரின் பேச்சை எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள்.

பழைய அனலாக் மிக்ஸர்களில் 4558 என்ற பழைய ஆப்-ஆம்பைக் கழற்றிவிட்டு, இரைச்சல் குறைந்த என்இ5532-ஐப் போட்டுப் பலன் கண்டவர்கள் இங்கே சண்டைக்கு வருவார்கள் என்பது தெரியும். அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்தச் சுற்றுகளில் முன்னேற இடமிருந்தது. ஆனால் இன்றைய இண்டர்ஃபேஸ்களில் பாகங்கள் பலகையின் மேற்பரப்பிலேயே சால்டர் செய்யப்பட்டவை, கழற்றி மாற்றுவது எளிதல்ல. வேகமான ஆப்-ஆம்பை அதன் மின்வழங்கலை நிலையாக வைக்கும் பைபாஸ் கப்பாசிட்டர் இல்லாமல் பொருத்தினால், காதுக்கு எட்டாத மெகாஹெர்ட்ஸ் அலைவில் சிக்கிச் சூடேறி, முன்பைவிட மோசமான ஒலியைத் தரும். பல ஆண்டுகள் சூட்டிலேயே கிடந்து வறண்டுபோன எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களை மாற்றுவது நியாயமானதே. ஆனால் அதன் பெயர் பழுதுபார்ப்பு. அதற்கு 'தர உயர்வு' என்று பில் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மாற்றுச் சிப்புகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லலாம். ஜப்பானின் நோபெயோகா நகரிலுள்ள, ஆடியோ சிப்புகள் செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை 2020 அக்டோபரில் தீப்பிடித்து எரிந்த பிறகு, பல நிறுவனங்கள் தங்கள் கருவிகளை வேறு கன்வெர்ட்டர்களை (ஒலியை டிஜிட்டலாகவும் டிஜிட்டலை ஒலியாகவும் மாற்றும் சிப்புகள்) கொண்டு மறுவடிவமைக்க நேர்ந்தது. ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு இது தீக்கு முந்தியது, இது பிந்தியது என்று பிரித்துச் சொன்ன ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

புதிதாக வாங்குவதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டென்றால், அது கெயின்தான், அதாவது மைக்கின் சிக்னலை எவ்வளவு பெருக்க முடியும் என்பது. ஷூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக்குகளின் வெளியீடு மிகவும் சன்னமானது. பேச்சுக்கு 60 டெசிபெல்லாவது கெயின் வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வின் மூன்றாம் தலைமுறை 56 டெசிபெல்லோடு நின்றுவிடுகிறது, நான்காம் தலைமுறை 69 வரை போகிறது. இந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்கலாம். அல்லது இண்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியே அனுப்பும் ஃபாண்டம் மின்சாரத்தில் இயங்கி 25 டெசிபெல் வரை கூட்டித்தரும் கிளவுட்லிஃப்டர் போன்ற ஒன்றை மைக்குக்கும் இண்டர்ஃபேஸுக்கும் இடையே வைக்கலாம். உங்களுடையது கண்டென்சர் மைக் என்றால் இரண்டுமே தேவைப்படாது. முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். அதற்குப் பிறகும் இரைச்சல் இருந்தால், மைக்கின் பெயரையும் கெயின் குமிழ் எங்கே நிற்கிறது என்பதையும் கீழே எழுதுங்கள்.